பர்கூர் காற்று: குறைத்தால் என்ன லாபம்?

கிரானைட் தூசி, பெங்களூரு நெடுஞ்சாலையின் லாரிப் புகை எல்லாம் பர்கூரில் நமக்குப் பழகிப்போச்சு. ஆனா நுரையீரலுக்குப் பழகாது!

பிஎம் 2.5 நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டு சராசரி வரம்பு, கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 5. நீண்டகாலமாக 10 மைக்ரோகிராம் கூடுதலாகச் சுவாசித்தால், மரண அபாயம் சுமார் 8 சதவீதம் கூடும் என்கின்றன அந்நிறுவனத்துக்கான ஆய்வுத் தொகுப்புகள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோமா? அளவு 40 உள்ள ஊரில்,

● 30 ஆனால் அபாயம் சுமார் 7% குறையும்.
● 20 ஆனால் 14%.
● 10 ஆனால் 21%.

வரம்புக்குள் வந்துட்டோம்னு நின்னுடக் கூடாது. அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு படியும் உயிர் காக்கும்.

போனில் 'சமீர்' செயலியைத் திறங்க. நம்ம மாவட்டத்து ஓசூரின் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்க. குப்பை எரிப்பு, தூசி பற்றி அதிலேயே புகாரும் தரலாம்.