கமலாம்பாளைத் திரைக்குக் கொண்டுவர

கேள்வி: ஐயா, திண்டுக்கல்லில் கல்லூரியில் படிக்கிறேன். சொந்த ஊர் வத்தலக்குண்டு. எங்கள் ஊர்க்காரர் பி.ஆர். ராஜமய்யர் எழுதிய 'கமலாம்பாள் சரித்திரம்' நாவலுக்குத் திரைக்கதை எழுத நண்பர்கள் சேர்ந்திருக்கிறோம். 'தேவதாஸ்' இந்தியில் திரும்பத் திரும்பப் படமாகிறதே, இதையும் அப்படி எடுக்க முடியுமா? கதையை எவ்வளவு மாற்றலாம்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
- வாசகர், வத்தலக்குண்டு

பதில்: தாராளமாக எடுக்கலாம். எடுக்க வேண்டிய நாவலும்கூட.

முதலில் அனுமதி. ராஜமய்யர் 1898-ல், 26 வயதில் காலமானார். நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள்தான் பதிப்புரிமை. ஆகவே மூலக்கதை பொதுச்சொத்து. புதுப் பதிப்புகளின் முன்னுரை, குறிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கலாம், அவற்றைத் தொடாதீர்கள். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' என்றால் நிலைமை வேறு. அவர் மறைந்தது 1998-ல். எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் அதில் கை வைக்க முடியாது.

இனி மாற்றம். நீங்கள் சொன்ன தேவதாஸையே எடுத்துக்கொள்வோம். 1917-ல் வெளியான சரத்சந்திரரின் நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் சந்திப்பதே இல்லை. 1955-ல் பிமல் ராய் இருவரையும் வழியில் எதிரெதிரே கடந்துபோகச் செய்தார். பல்லக்கில் சுசித்ரா சென், நடந்து வருபவர் வைஜயந்திமாலா. ஒரு பார்வை, பேச்சே கிடையாது. 2002-ல் சஞ்சய் லீலா பன்சாலி இருவரையும் சேர்ந்து ஆடவைத்தார். இரண்டுமே மூலத்தில் இல்லாதவை. ஆனால் முதலாவது நாவலின் துயரத்தைக் கூட்டுகிறது. இரண்டாவது கண்ணைப் பறிக்கிறது, துயரம் கரைந்துவிடுகிறது.

ஆர்.கே. நாராயணின் 'தி கைடு' (1958) நாவலின் முடிவில், நாயகன் நோன்பிருந்து வேண்டிய மழை உண்மையிலேயே வந்ததா என்பது உறுதியாகச் சொல்லப்படவில்லை. விஜய் ஆனந்தின் படத்தில் (1965) மழை கொட்டுகிறது. கதை நடக்கும் மால்குடியும் போய் உதய்ப்பூர் வந்துவிட்டது. நாராயண் மனம் வருந்திக் கட்டுரையே எழுதினார். படம் புகழ்பெற்றது உண்மைதான். ஆனாலும் வாசகனிடம் விடப்பட்ட கேள்விக்குப் படமே பதில் சொல்லிவிட்டது.

என் கருத்து இதுதான்: சம்பவங்களை மாற்றலாம், நாவல் எழுப்பும் கேள்வியை மாற்றக் கூடாது. மகேந்திரன் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து மிகக் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் தாயில்லாப் பிள்ளைகளின் தவிப்பை அவர் விடவில்லை. அதனால்தான் 'உதிரிப்பூக்கள்' (1979) இன்றும் நிற்கிறது.

உங்கள் நாவலின் கேள்வி அதன் முழுத் தலைப்பிலேயே இருக்கிறது: 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. 1893-ல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வரத் தொடங்கிய கதை இது. ஊர்வாய் ஒரு நல்ல குடும்பத்தை எப்படிக் குலைக்கிறது? சிறுகுளத்துப் பெண்கள் கூடிப் பேசும் 'வம்பர் மகாசபை'யை ராஜமய்யர் ரசித்து எழுதியிருக்கிறார். உங்கள் படத்தின் உயிர் அங்கேதான். ஒரே ஒரு வாக்கியம் ஆற்றங்கரையில் கிளம்பட்டும். அடுப்படியில் ஒரு சொல் கூடட்டும், திண்ணையில் இன்னொன்று ஒட்டட்டும். கேமரா பேசுகிறவர்களோடே போகட்டும். கமலாம்பாள் வந்ததும் பேச்சு சட்டென்று நிற்கட்டும். பழியின் கனம் வசனமில்லாமலே புரிந்துவிடும்.

சிக்கல் பின்பாதியில். கமலாம்பாளின் கணவர் முத்துசாமி அய்யர் எல்லாம் இழந்து ஆன்மிகத்தின் பக்கம் போகிறார், கதை வேதாந்தமாகிறது. அதை வெட்டி எறியாதீர்கள். பிறகு 'பிரபுத்த பாரதா' என்ற வேதாந்த இதழின் ஆசிரியரான ராஜமய்யரின் மனசு அதில்தான் இருந்தது. ஆனால் உபதேசத்தைப் படமெடுக்க முடியாது. அவர் எதை விடுகிறார், எதை விட முடியாமல் தவிக்கிறார் என்பதைச் செயலில் காட்டுங்கள். அதே அளவு நேரத்தைக் கமலாம்பாளின் துன்பத்துக்கும் கொடுங்கள்.

பேச்சு மொழியில் கவனம் தேவை. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது, அதனால் மதுரைப் பக்கத்துப் பேச்சே பொருந்தும். அக்கிரகாரம் என்றதும் தஞ்சாவூர்ப் பேச்சைக் கொண்டுவந்து போடாதீர்கள். அம்மையப்ப பிள்ளையின் பண்டிதத் தமிழ் வேறு, கொள்ளைக்காரன் பேயாண்டித் தேவனின் பேச்சு வேறு. வத்தலக்குண்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்.

முழு நாவலையும் எடுத்த எடுப்பில் தொட வேண்டாம். வம்பர் மகாசபையை மட்டும் 15 நிமிடக் குறும்படமாக எடுத்து உங்கள் ஊரிலேயே போட்டுக் காட்டுங்கள். பார்ப்பவர்கள் கமலாம்பாளுக்காகக் கோபப்பட்டால், மீதி நாவலையும் துணிந்து எழுதலாம்.