ஆசனமும் அளவுகோலும்

நாள்தோறும் நாம் விலைக்குக் கொள்ளும் பொருள்களுள் அளவாமற் கொள்வன மிகச் சிலவே. பூ விற்பாளின் கைம்முழம் குறைந்ததென்று வாயிலில் நின்று வழக்காடுகின்றோம். அரிசியை நிறுத்தும், எண்ணெயை முகந்தும், துணியைக் கோலிட்டும் வாங்குகின்றோம். ஆயினும், ஓர் இல்லத்தார் பல திங்கள் சேர்த்த பொருளை ஒருங்கே கொடுத்து வாங்குவதும், வாங்கியபின் பல்லாண்டு வீட்டின் நடுவே கிடப்பதுமாகிய சோபா என்னும் பேராசனத்தை மட்டும் கண்ணளவையாலேயே கொண்டுவிடுகின்றோம். கடையின் அகன்ற கூடத்தில், உயர்ந்த கூரையின்கீழ், அதனினும் பெரிய ஆசனங்களின் நடுவே அது சிறிதாகத் தோன்றும். அதுவே நம் வீட்டு வாயிலில் வந்திறங்கும்பொழுது யானை போல் நிற்கும். இது கண்ணின் குற்றமன்று. கண் எப்பொருளையும் அதன் அயலிலுள்ள பொருளோடு ஒப்பிட்டே அளக்கும் இயல்பிற்று.

சோபா என்னும் சொல் அரபு மொழியினின்று பிறந்தது. ஆண்டு அது தரையினும் சற்றே உயர்த்திக் கம்பளம் விரித்த மேடையைக் குறித்ததென்பர். நம் திண்ணைக்கு அது நெருங்கிய உறவு என்னலாம். ஆனால், திண்ணை வீட்டோடு கட்டப்படுவது. நிலையைக் கடந்து உட்புக வேண்டுவதின்று. சோபாவோ வேறோரிடத்திற் பிறந்து நம் வாயில் வழியே புகவேண்டுவது. இடர் முழுதும் இவ்வொன்றினின்றே பிறக்கின்றது.

புகும் பொருளை எண்ணி வாயிலை அமைக்கும் முறையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். நக்கீரனார் இயற்றிய நெடுநல்வாடையில், நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை தெரிந்து அரண்மனை வகுத்த செய்தி வருகின்றது. அதன் வாயிலோ, வெற்றிக்கொடி ஏந்திய யானை அக்கொடியைத் தாழ்த்தாமலே புகத்தக்க உயரமுடையதாகச் சொல்லப்படுகின்றது. யானையின் உயரத்தை மட்டும் கருதாது கொடியின் உயரத்தையும் கூட்டிக் கருதிய அத்தச்சரை யாம் பெரிதும் வியக்கின்றோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இதனினும் நுண்ணிய கணக்கு உண்டு. ஆண்டு இளங்கோவடிகள் அரங்கின் அளவைச் சொல்லப் புகுமுன், அளக்கும் கோலைச் சொல்கின்றார்: கணுவிற்குக் கணு ஒரு சாணாக வளர்ந்த மூங்கிலிற் கொண்டது அது, அதன் நீளம் 24 விரல். பின்னரே, அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், தரையினின்று உயரம் 1 கோல், அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல், வாயில் இரண்டு என்று முறையே வருகின்றன. கோல் முந்தியது, நீள அகலங்கள் பிந்தியன, அதன்பின் தலைக்குமேல் உள்ள வெளி, இறுதியில் வாயில். சோபா வாங்குவார்க்கு இதனினும் செவ்விய முறை யாம் கண்டிலேம்.

கோலை முன்னர்க் கூறியதற்குக் காரணமுண்டு. முழம் ஆளுக்காள் வேறுபடும். உபாகமத்தின் 3ஆம் அதிகாரத்தில் பாசானின் அரசனாகிய ஓகின் இரும்புக் கட்டில் 9 முழ நீளமும் 4 முழ அகலமும் உடையதென்று கூறப்படுமிடத்து, அது மனிதனுடைய கைம்முழத்தால் என்பதும் உடன் கூறப்பட்டுள்ளது. அரசன் பெருவுருவினன், அவன் முழத்தால் அளந்தாற் கணக்குப் பிறழும் போலும். இக்காலத்து இடர் வேறு. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் முறை வந்தது; கடைச்சீட்டிலும் சென்டிமீட்டரே காணப்படும். தச்சரோ அடி, அங்குலம் என்றே பேசுவர். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்பது 1959இல் ஆங்கிலம் வழங்கும் நாடுகள் சில உடன்பட்டு உறுதி செய்த அளவு. இரண்டு முறையும் பொறித்த நாடா ஒன்றைக் கைக்கொண்டு, ஒருவரே தொடக்கமுதல் இறுதிவரை ஒரே முறையால் அளத்தல் நன்று. பாதி அளவு அங்குலத்திலும் பாதி சென்டிமீட்டரிலும் எழுதிய தாளைக் காட்டிலும் வெற்றுத்தாள் மேலானது.

இனி வாயிலுக்கு வருவோம். நிலையின் அகலம் என்று பலரும் கதவை மூடிவைத்து அளப்பர். அது பயனற்ற அளவு. கதவை முழுதும் திறந்து, திறந்த கதவின் முகத்திற்கும் எதிர்ப்பக்கத்து நிலைக்கும் இடையே எஞ்சும் வெளியை அளத்தல் வேண்டும். கதவின் கனம் ஒன்றரை அங்குலத்தைத் தின்னும். தாழ்ப்பாளும் கைப்பிடியும் மேலும் தின்னும். பழைய வீட்டின் நிலை மேலும் கீழும் ஒரே அகலமாய் இராது. மழையில் ஊறிய சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஆதலின் அடியிலும் நடுவிலும் தலையிலும் அளந்து, மூன்றனுள் குறைந்ததையே கொள்க. கீலினின்று கதவைக் கழற்றினால் ஓரிரு அங்குலம் மீளக் கிடைக்கும். ஆனால் பழந்தேக்குக் கதவைக் கழற்றுவதும் மாட்டுவதும் ஒரு நாட் கூலி என்பதை மறவற்க. ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பழைய வீடுகளில் முகட்டருகே நீண்ட கொக்கியொன்று இருக்கும். மாடிப்படி குறுகியதாதலின் தட்டுமுட்டுக்களைக் கயிற்றிற் கட்டி இழுத்துச் சாளரத்தின் வழியே உள்ளே கொள்வர். கம்பி பதித்த நம் சாளரங்கட்கு அவ்வழியும் இல்லை.

எடுத்துக்காட்டாக, மூவர் அமரும் சோபா ஒன்றைக் கருதுவோம். அதன் நீளம் 84 அங்குலம். முன்பின் ஆழம் 36. முதுகின் உயரம் 34. கையின் உயரம் 22. வாயிலின் வெளியோ 33 அங்குலம். நிமிர்த்திக் கொணரின் 36 புகாது. முதுகைக் கீழாக்கிக் கிடத்தின் 34உம் புகாது. இவ்வளவில் பலரும் கைவிடுவர், அது வேண்டா. முதுகின் உச்சியினின்று கையின் முன்முனைவரை ஒரு நேரான மரச்சட்டத்தைச் சாய்த்து வைத்து, பின்புறத்து அடிமூலையினின்று அச்சட்டத்திற்குச் செங்குத்தாக அளந்தால் வருவது 32¼ அங்குலமே. (36உம், முதுகுக்கும் கைக்கும் உள்ள உயர வேறுபாடாகிய 12உம் இரண்டு பக்கமாகக் கொண்டு செங்கோண முக்கோணத்தின் கர்ணம் கண்டால் 37.95, 34ஐ 36ஆற் பெருக்கி இதனால் வகுத்தால் விடை கிடைக்கும்.) ஆகவே சாய்த்துப் பிடித்தால் முக்கால் அங்குலம் எஞ்ச ஆசனம் வாயிலைக் கடக்கும். சாய்வு ஆழம் என்னும் இவ்வளவைக் கடைக்காரர் பெரும்பாலும் சீட்டில் எழுதுவதில்லை. நாமே சட்டம் வைத்துக் காணல் வேண்டும்.

வாயிலைக் கடந்தால் வீடு புகுந்ததாகாது. பாளையங்கோட்டையிலுள்ள எம் இல்லத்தில் வாயிலையடுத்து 42 அங்குல அகலமுள்ள நடை உண்டு. அது வலப்புறம் திரும்பி அதே அகலத்தோடு பட்டாசாலையை அடைகின்றது. இத்தகைய மூலையில் எவ்வளவு நீண்ட பொருள் திரும்பும்? நடையின் அகலத்தை 1.414ஆற் பெருக்கி, பொருளின் தடிப்பைக் கழித்து, எஞ்சியதை இரட்டித்தால் விடை வரும். மேற்சொன்ன ஆசனத்தைச் சாய்த்தே பிடித்தாலும் 54 அங்குல நீளத்திற்கு மேற்பட்டது எம் மூலையில் திரும்பாது. 84க்கும் 54க்கும் இடையே உள்ளது சிறிய வேறுபாடன்று. நெட்டுக்குத்தாய் நிறுத்திக் கொண்டுசெல்லலாமே எனின், 84 அங்குல ஆசனம் நிமிர்ந்து நிற்கையில் 84 அங்குலமே ஆயினும், நிமிரும்பொழுது அதன் மூலை ஏறக்குறைய 90½ அங்குலம்வரை எழும். எம் நடையின்மேல் மச்சு உள்ளது. அதன் உயரம் 84. நெடுநல்வாடைத் தச்சர் கருதிய கொடி இதுவே.

தமிழ் பயிலும் எமக்கு இக்கணக்கில் வேலை யாதென்று நகைக்கும் தோழர்க்கு ஒன்று கூறுவோம். இம்மூலைச் சிக்கலைக் கணித அறிஞரே பல்லாண்டு தீர்க்கமாட்டாது நின்றனர். ஓரலகு அகலமுள்ள நடை செங்கோணமாய்த் திரும்புமாயின், தரையினின்று தூக்காமல் அதன் வழியே தள்ளிச் செல்லத்தக்க மிகப் பெரிய பரப்புள்ள வடிவம் யாது என்பது வினா. லியோ மோசர் என்பார் 1966இல் இதனை வெளியிட்டார். சோபாச் சிக்கல் என்பதே இதன் பெயர். அரைவட்டம் ஒன்று 1.57 பரப்போடு திரும்பும். 1968இல் ஹாமர்ஸ்லி என்பார் பழைய தொலைபேசியின் கைக்குழல் போன்ற வடிவால் 2.2074 வரை எட்டினார். 1992இல் ஜெர்வர் 18 துண்டுக் கோடுகளால் அமைந்த எல்லையுடைய வடிவம் ஒன்றைக் கண்டு 2.2195 என்றார். அதனினும் பெரிதில்லை என்பதற்கு நிறுவல் ஒன்றைக் கொரியரான ஜினியோன் பேக் 2024இல் வெளியிட்டார். அவ்வடிவத்தில் அமர்தல் எளிதோ என்பதை அவர்கள் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

மூலையைக் கடந்து அறையை அடைந்தபின், ஆசனம் கிடக்கும் இடம் ஆராயத்தக்கது. சுவரின் முழு நீளத்தையும் அளந்து மகிழ்தல் போதாது. எம் பட்டாசாலை 12 அடிக்கு 10 அடி. நீண்ட சுவர் 144 அங்குலம் என்பது மெய்யே. ஆனால் அதில் உட்கதவு திறந்து வீசும் இடம் 36, அலமாரி 30. எஞ்சுவது 78. மூவர் ஆசனம் வானத்தினின்று இறங்கினும் அவ்விடத்தில் அடங்காது. எதிர்ச்சுவரின் ஓரத்தில் அன்னையாரின் தையற்பொறி நிற்கின்றது. அதன் மேசை 18 அங்குலம். அமர்ந்து தைப்பதற்கும் நாற்காலியைப் பின் தள்ளி எழுவதற்கும் 30. குடும்பத்தின் வருவாயுள் ஒரு பகுதி அந்த 48 அங்குலத்தினின்று வருவதாதலின் அதனைக் குறைத்தற்கில்லை. 120இல் அது போக 72. அதனுள் ஆசனத்தின் ஆழமும், ஈரம் ஏறாதிருக்கச் சுவரினின்று விடும் 2 அங்குலமும், ஒருவர் நீர்க்குடத்தோடு நடந்து செல்லும் வழியும் அடங்கவேண்டும். வழிக்கு 30 அங்குலமாவது வேண்டும்.

எண்களை நம்பாதார் கோலப்பொடியை நம்பலாம். வாங்கக் கருதிய ஆசனத்தின் நீள அகலங்களைத் தரையிற் கோலப்பொடியால் வரைந்து, இரண்டு நாள் அக்கோட்டை மிதியாமல் வீட்டில் நடந்து பார்க்க. சிறுவர் பள்ளிக்கு ஓடும் காலையும், விருந்தினர் வரும் மாலையும் அதனுள் அடங்கட்டும். கோடு எவ்விடத்தில் அழிகின்றதோ அவ்விடத்தில் ஆசனம் இடிக்கும். விளக்கையும் கருதுக. தூண்களின் நிழல் அரங்கின்மேல் விழாவண்ணம் விளக்கு நிறுத்தியதைச் சிலப்பதிகாரம் கூறும். நம் வீடுகளிலோ, படிப்பவர் தலை நிழல் புத்தகத்தின்மேல் விழும்படியே ஆசனம் இட்டுவிடுகின்றோம்.

இறுதியாக அளக்கவேண்டியவர் அமர்வோர். எம் இல்லத்தில் இம்முயற்சி எழுந்ததே எம் ஆச்சியின் பொருட்டு. முழங்கால் நோவினால் அவர் தரையில் அமர்தல் இயலாதாயிற்று. கட்டிலிலேயே நாள் முழுதும் இருத்தல் அவர்க்கு ஒவ்வாது. பட்டாசாலையில் நால்வரோடு இருந்து பேசல் வேண்டும். அன்னையார் சீட்டுப் பணத்தை அதற்கென எடுத்தார். கால்மடிப்பின் உட்புறத்தினின்று தரைவரை அளந்ததில் ஆச்சிக்கு 16½ அங்குலம் வந்தது. அமருமிடம் அதனினும் தாழ்ந்திருப்பின் நோயுற்ற முழங்கால் உடலைத் தூக்கமாட்டாது. கடைச்சீட்டில் இருக்கை உயரம் 17 என்றிருக்கும். மெத்தையில் அமர்ந்தால் அது மூன்று அங்குலம் அமிழ்ந்து 14 ஆகிவிடும். ஆதலின் ஒருவரை அமரச்செய்து, அமிழ்ந்தபின் அளத்தல் வேண்டும். உட்புற ஆழமும் அவ்வாறே. முதுகு சாய்ந்திருக்கும்பொழுது இருக்கையின் விளிம்புக்கும் கால்மடிப்புக்கும் இடையே மூன்று விரல் நுழைதல் நன்று. கைகள் திண்ணியனவாய் இருத்தல் வேண்டும். முதியோர் எழுவது காலால் அன்று, கையால்.

“நாலு பேர் வந்தா உக்கார வேண்டாமா?” என்று தந்தையார் மூவர் ஆசனத்தையே விரும்பினார். கோலப்பொடி அவரை இணங்குவித்தது. நாடாவோடும் அளவெழுதிய தாளோடும் கடைக்குச் சென்று, இருவர் அமரும் ஆசனம் ஒன்றைத் தெரிந்தோம். சீட்டில் நீளம் 130 சென்டிமீட்டர் என்றிருந்தது. எம் நாடா 132 காட்டிற்று. கையின் மெத்தைப் புடைப்பைச் சீட்டெழுதியவர் சேர்க்கவில்லை. 52 அங்குலம், ஆழம் 32, அமர்ந்தபின் இருக்கை உயரம் 17. கால்கள் திருகிக் கழற்றத்தக்கனவா என்று வினவி, ஆம் என்றறிந்து, வாயிலில் புகாவிடின் திரும்பக் கொள்வதாகப் பற்றுச்சீட்டில் எழுதித் தருமாறும் கேட்டோம். கடையாள் சிறிது தயங்கியே எழுதினார்.

மறுநாள் இருவர் தூக்கிவந்தனர். வாயிலில் ஓரங்குலம் எஞ்சிற்று. மூலையில் ஒருமுறை நின்று, கை மாற்றி, திருப்பினர். சுவரில் எஞ்சிய 26 அங்குலத்தில் ஆச்சி தம் வேதப்புத்தகமும் மூக்குக்கண்ணாடியும் வைக்க முக்காலி ஒன்று வேண்டுமென்றார். அதன் அகலம் 14 அங்குலம் இருக்கலாமென்று தச்சரிடம் சொல்லியிருக்கின்றோம்.