விடுமுறையிலும் வாடாத பாடசாலைத் தோட்டம்



பெரியமடுவில் வயதில் மூத்த ஒருவரிடம் கத்தரி நாற்றை எப்போது நடுவது என்று கேட்டுப் பாருங்கள். அவர் வானத்தையும் காற்றையும் பார்த்துப் பதில் சொல்வார். அதே கேள்வியை அவருடைய பேரப்பிள்ளையிடம் கேட்டால் பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும்.

இதில் பிள்ளையின் குற்றம் எதுவுமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரியமடு மக்களும் அடங்குவர். பலருக்குப் புத்தளம் மாவட்டமே அடைக்கலமாயிற்று. 2009இல் போர் முடிந்த பின்னர் திரும்பி வந்தவர்களை வரவேற்றது காடாகிப்போன காணி. மாந்தை மேற்கின் தமிழ்க் குடும்பங்களும் 2007 முதல் 2009 வரை ஊர் ஊராக இடம்பெயர்ந்து, ஈற்றில் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டன. இரு சாராரின் பிள்ளைகளும் வயலும் தோட்டமும் இல்லாத இடங்களில் வளர்ந்தார்கள். விவசாயம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகும் தொழில். பார்ப்பதற்குத் தோட்டம் இல்லாதபோது, ஒரு தலைமுறைக்கு அந்தப் பாடம் தவறிப்போகிறது.

அப்பாடத்தை மீண்டும் தொடங்குவதற்குப் பாடசாலை வளவு நல்ல இடம். இது புதிய எண்ணமன்று. 1930களில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் தோட்ட வேலையைப் படிப்போடு இணைத்தது. 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது.

எமது தவறு

முன்னர் நாம் பணியாற்றிய ஓரிடத்தில், பாடசாலையொன்றில் கால் ஏக்கரில் தோட்டம் தொடங்கினோம். விதை, குழாய், மண்வெட்டி எல்லாம் நாமே வாங்கிக் கொடுத்தோம். திறப்பு விழாவும் நடந்தது. ஆவணி விடுமுறையில் பாடசாலை பூட்டப்பட்டது. திரும்பிப் போனபோது வேலியில் ஓர் ஆடு நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. பாத்திகளில் காய்ந்த தண்டுகள் மட்டும் நின்றன. அடுத்த மழைக்கு மீண்டும் விதை வாங்கப் பணம் தேடினோம்.

பிள்ளைகள் சோம்பேறிகள் என்று சிலர் சொன்னார்கள். உண்மை வேறு. தோட்டத்தின் அளவை நாம் தீர்மானித்தோம், விதையும் எம்முடையது. ஆகவே தோட்டமும் எம்முடையதாகவே இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் வெளியாரிடம் கையேந்தித் தொடங்கவேண்டிய தோட்டம் நிலைபேறான தோட்டமாகாது. அந்த அனுபவத்திலிருந்து கற்றவற்றைக் கீழே தருகிறோம்.

1. முதலில் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

எமது வரண்ட வெயிலில் ஒரு சதுர மீற்றர் மரக்கறிப் பாத்திக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் தண்ணீர் வேண்டும். கால் ஏக்கர் என்பது ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர். அதற்கு 5,000 லீற்றர், அதாவது 10 லீற்றர் வாளியால் 500 வாளி தேவை. எமது தோட்டம் ஏன் செத்தது என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

3 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் கொண்ட பத்துப் பாத்திகளுக்கு 150 லீற்றர், 15 வாளி போதும். முப்பது பிள்ளைகள் இருந்தால், இருவருக்கு ஒரு வாளி. கோடையில் கிணறு எத்தனை வாளி தரும் என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, அதற்கேற்பப் பாத்திகளைத் தீர்மானியுங்கள். இக்கணக்கைப் பிள்ளைகளே கணித பாடத்தில் செய்யட்டும்.

2. நிலமும் வேலியும்

முன்னர் போர் நடந்த இடங்களில், கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தப்பட்ட நிலத்தை மட்டும் கொத்துங்கள். மண்ணில் சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல், எறியாமல், விலகி வந்து பெரியவரிடம் சொல்லவேண்டும் என்பதே தோட்டத்தின் முதற் பாடமாக இருக்கட்டும்.

வேலி போட்ட பின்னரே விதை போடுங்கள். சீமைக்கிளுவைக் கதியால்களை நட்டால் அது ஆட்டைத் தடுக்கும், சோளகக் காற்றைத் தணிக்கும். வெட்டும் குழை பசளையாகும்.

3. மழையோடு தொடங்குங்கள்

மன்னாரின் மழையிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கிறது. ஆகவே ஆனி, ஆடியில் கூட்டெருக் குவியல். புரட்டாதியில் கத்தரி, மிளகாய் நாற்றுமேடை. ஐப்பசி மழையோடு நடுகை. வெண்டி, பயிற்றை, கீரை ஆகியவற்றை நேரடியாக விதைக்கலாம். கீரை மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். வெண்டி ஏறத்தாழ ஐம்பது நாளில் காய்க்கும். சிறு பிள்ளைகளின் பொறுமைக்குக் கீரை ஏற்றது.

மாரியில் பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள், வேர் அழுகாது. கோடையில் தாழ்த்துங்கள், தண்ணீர் ஓடிப்போகாது. வைக்கோல் அல்லது சருகினால் மூடுபடையிட்டால் ஈரம் காக்கும்.

4. எருவுக்குக் காலம் வேண்டும்

2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது, பயிர்கள் விழுந்தன, நவம்பரில் தடை நீங்கியது. சேதனப் பசளை பயனற்றது என்று பலர் இதிலிருந்து முடிவுகட்டினர். எருவை ஒரு நாளில் உருவாக்க முடியாது என்பதே அதிலுள்ள பாடம். பச்சைக் குழை, காய்ந்த சருகு, மாட்டெரு ஆகியவற்றைப் படை படையாக அடுக்கி, ஈரம் காத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் கூட்டெரு தயாராகும்.

பூச்சிக்கு 500 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, 10 லீற்றர் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். அன்றே பயன்படுத்திவிடவேண்டும்.

5. விதை வீட்டிலிருந்து வரட்டும்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்தோ அயலிலிருந்தோ ஒரு பிடி விதையைக் கொண்டு வரட்டும். கொடுத்தவரின் பெயரையும் அவர் சொன்ன பக்குவத்தையும் கொப்பியில் எழுதட்டும். முடியுமானால் உம்மம்மாவோ அம்மம்மாவோ ஒருநாள் பாத்தியருகே வந்து நின்று கற்பிக்கட்டும். இடப்பெயர்வில் காணியும் மாடும் போயின. அவர்களுடைய அறிவு போகவில்லை. ஆனால் கேட்பாரில்லாவிட்டால் அதுவும் அவர்களோடு போய்விடும்.

அறுவடையின்போது ஒவ்வொரு பாத்தியிலும் மிகச் சிறந்த செடியொன்றுக்குத் துணி கட்டி, அதன் காயைப் பறிக்காது விடுங்கள். கத்தரி மஞ்சளாகட்டும், வெண்டியும் பயிற்றையும் செடியிலேயே காயட்டும். விதையை உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடையுங்கள். ஒரு பிடி வாங்கிய வீட்டுக்கு இரண்டு பிடி திருப்பிக் கொடுங்கள். கடையில் வாங்கிய கலப்பின விதையின் பயிரில் எடுக்கும் விதை தாய்ச்செடியைப்போல் வராது. ஆகவே ஊர் விதையையே சேமியுங்கள்.

6. விடுமுறையை முன்கூட்டியே எழுதுங்கள்

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. நோன்பு ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், தோட்ட அட்டவணையையும் ஆண்டுதோறும் புதிதாக எழுதவேண்டும். ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னர், எந்த நாளில் எந்த வீடு தண்ணீர் ஊற்றும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் தீர்மானித்துச் சுவரில் ஒட்டுங்கள். தண்ணீர் ஊற்றும் வீட்டுக்கு அன்றைய காய் சொந்தம். நோன்பிருக்கும் பிள்ளையிடம் வாளி தூக்கும் முறையைக் கொடுக்காதீர்கள்.

தோட்ட வேலையைத் தண்டனையாகவும் கொடுக்காதீர்கள். பிழை செய்த பிள்ளையை மண் கொத்த அனுப்பினால், மண்ணை வெறுக்கவே நாம் கற்பிக்கிறோம்.

விளைச்சல் யாருக்கு?

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அந்நாட்களில் வளவில் நின்ற முருங்கையும் கீரையும் எத்தனை வீட்டுச் சட்டியைக் காத்தன என்பதை நீங்கள் அறிவீர்கள். பத்துப் பாத்தி ஒரு பாடசாலை முழுவதற்கும் உணவளிக்காது. அதன் காயிற் பெரும்பகுதி பாடசாலைச் சட்டிக்கும், ஒரு பங்கு பயிரிட்ட பிள்ளைகளின் வீட்டுக்கும், சிறந்தது விதைக்கும் போகட்டும். பத்துப் பாத்தியில் பழகிய பிள்ளை தன் வீட்டு வளவில் இரண்டு பாத்தி போடும்போதே எமது முயற்சி பலன் தரும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் பழைய விதை எந்தெந்த வீட்டில் இன்னும் இருக்கிறது?
2. கடும் கோடையில் பாடசாலைக் கிணறு நாளொன்றுக்கு எத்தனை வாளி தரும்?
3. அடுத்த விடுமுறையில் முதல் நாள் தண்ணீர் ஊற்றப்போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒருவர் தம் பெயரைச் சொன்ன பின்னர் முதல் விதையைப் போடுங்கள்.