மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து

அன்புள்ள மருமகளுக்கு,

செங்கல்பட்டு இராஜேஸ்வரி வேதாசலம் அரசு கலைக் கல்லூரியில் வரலாறு படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு, தேர்வில் அவர் சொல்லச் சொல்ல எழுதும் ஸ்கிரைப்பாக உட்கார ஒப்புக்கொண்டதாக எழுதியிருந்தாய். பள்ளியிலிருந்து எம்.ஏ. வரை எல்லாப் பரீட்சையையும் பிறர் கையால் எழுதியவன் நான். அந்த உரிமையில் சில சொல்கிறேன்.

நீ மாமல்லபுரத்துப் பெண். எனக்குக் கவலையே அதுதான். பல்லவர் கலை பற்றி ஒரு கேள்வி வராமல் இருக்காது. கடற்கரைக் கோயிலைக் கட்டியது மகேந்திரவர்மன் என்று அவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள். கைடுகள் பேசுவதைக் கேட்டே வளர்ந்த உனக்கு இராஜசிம்மன் என்று தெரியும். கை தானாக அப்படி எழுதப் பார்க்கும். விடாதே. “மகேந்திரவர்மனா?” என்று குரலை இழுத்துக் கேட்கவும் கேட்காதே. எங்களுக்குக் குரலில்தான் முகம் தெரியும். அந்த இழுப்பே விடையைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

சரி, ஐந்து ரதங்களும் இராஜசிம்மன் செய்வித்தவை என்று சொன்னால்? அவை மாமல்லனுடையவை, ஊர்ப்பெயரே அவன் பெயராயிற்றே என்று உனக்குச் சிரிப்பு வரும். ஆனால் மாமல்லபுரத்துச் சின்னங்கள் எல்லாமே இராஜசிம்மனுடையவை என்று 1962இல் வாதிட்டவர் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி. எல்லோரும் அதை ஏற்கவில்லை. நம் மாணவர் அதைத் தேடிப் படித்தவராக இருக்கலாம். நீ ‘திருத்தினால்’, அவர் உழைத்துப் பெற்ற ஒரே வரி போய்விடும்.

எனக்கு எழுதியவர்களில் நல்ல மனசுக்காரர்களிடம்தான் நான் அதிகம் பாடுபட்டேன். பாவம் என்று நினைத்து அழகான வாக்கியங்களைச் சேர்த்துவிடுவார்கள். மதிப்பெண் வரும், அதில் எவ்வளவு என்னுடையது என்று எனக்கே தெரியாது. சோம்பேறி ஸ்கிரைப்பைக்கூட அதட்டி வேலை வாங்கலாம், இவர்களை என்ன செய்வது?

கேள்வித்தாளை முதலில் முழுவதும் வாசி. ‘அல்லது’ எங்கே வருகிறது, எதற்கு எத்தனை மதிப்பெண், எல்லாம். பெயர்ச்சொற்களில் றகரமா ரகரமா என்று சந்தேகம் வந்தால் கேள். வரைபடத்தை எப்படிக் கையாளுவது என்று அவரிடமே முன்கூட்டிப் பேசிக்கொள். முடிந்ததும் வாசித்துக் காட்டு. மாற்றச் சொன்னால் அடித்துவிட்டு எழுது. நேரம் போதும். 2018இல் ஒன்றிய சமூக நீதி அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் உண்டு. மூன்று மணித் தேர்வுக்கு முழுதாக ஒரு மணி நேரம். மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டினால் வாக்குவாதம் வேண்டாம், நெறிமுறையின் நகலை நீட்டு.

தேர்வர் தாமே அழைத்துவரும் ஸ்கிரைப், அவரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும் என்று சொன்னதும் அதே நெறிமுறைதான். நியாயமான விதி. ஆனால் அப்படிப்பட்டவர்களில் பலருக்கும் அதே நாட்களில் பரீட்சை! பிளஸ் டூ முடித்துச் சும்மா இருக்கும் உன்னைப் போன்றவர்கள் கிடைப்பது இதனால்தான் அபூர்வம். கணினியில் தாமே எழுதவும் விதி இடம் தருகிறது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச மென்பொருள் தமிழையும் வாசிக்கும். கல்லூரிகள் இதற்கு முன்வந்தால் உன்னைத் தேடி அலைய வேண்டியிருக்காது. எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்த முறை நன்றாகக் கண் தெரிகிற, நடக்கிற ஒருவர் உன்னை அழைக்கலாம். ‘இவருக்கு எதற்கு?’ என்று நினைக்காதே. பேனா பிடித்தால் கை இழுத்துக்கொள்ளும் விகாஷ் குமாரின் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் இல்லாதவருக்கும் ஸ்கிரைப் உரிமை உண்டு.

இந்த வேலை பிடித்துப்போனால் முட்டுக்காட்டில், உங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இலிருந்து இருக்கிறது. சிறப்புக் கல்விப் படிப்புகள் உண்டு, விசாரித்துப் பார்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே ஸ்கிரைப்பைச் சந்தித்துப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு. திருக்கழுக்குன்றம் வழிப் பேருந்தில் போய் அவரைப் பார். ஒரு பக்கம் சொல்லச் சொல்லி எழுதிக் காட்டு. உன் வேகம் ஒத்துவரவில்லை என்று அவர் வேறொருவரைக் கேட்டால், கோபித்துக்கொள்ளாமல் ஆள் தேடிக்கொடு.

அன்புடன்,
உன் மாமா