மரத்திலிருந்து வரும் உள்ளாடை: லேபிளைப் படிப்பது முதல் கொடியில் போடுவது வரை

மூங்கில் ஜட்டி, மோடல் பனியன், ரேயான் நைட்டி எல்லாமே மரக்கூழிலிருந்து வரும் துணிகள்தான். மெத்தென்று இருக்கும், வியர்வையைப் பருத்தியைவிடக் கூடுதலாக உறிஞ்சும். பாலியஸ்டர் உள்ளாடையில் அவதிப்படுகிறவர்களுக்கு இவற்றைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் வாங்குகிறவர்கள் இரண்டு இடங்களில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். ஒன்று லேபிள், இன்னொன்று துவைக்கும் கல்.

பெட்டியின் முன்பக்கத்தை விடுங்கள். இலைப் படமும் பச்சை எழுத்தும் அங்கேதான் இருக்கும். உள்தையலில் இருக்கும் சின்ன லேபிளையோ பெட்டியின் பின்பக்கத்தையோ பாருங்கள். இழையின் பெயரும் சதவீதமும் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை எடுக்காதீர்கள்.

விஸ்கோஸ், மோடல், லயோசெல் என்ற மூன்று பெயர்களில் ஒன்று அதில் இருக்கும். ரேயான் என்று கடையில் சொல்வது பெரும்பாலும் விஸ்கோஸைத்தான். மூன்றும் மரக்கூழே என்றாலும், மரம் நூலாகும் வழி வேறு வேறு. அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது.

விஸ்கோஸ் 1892-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற முறை. கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் குழம்பாகக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டிக்குள் மெல்லிய இழைகளாகப் பீய்ச்சுவார்கள். அந்த கார்பன் டைசல்பைடு, ஆலைக்குள் காற்றில் கசிந்தால் தொழிலாளியின் நரம்பைக் கெடுக்கும். கழிவு ஆற்றுக்குப் போனால் என்ன ஆகும் என்பது கொங்கு நாட்டுக்குத் தெரியும். சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவால் பவானி ஆறு கெட்டது, மக்கள் போராடினார்கள், கடைசியில் ஆலை மூடப்பட்டது. ஆகவே ‘மரத்திலிருந்து வந்தது’ என்பதை மட்டும் வைத்து ஒரு துணியை நல்லது என்று சொல்லிவிட முடியாது. இன்று ரசாயனத்தை வெளியே விடாமல் திரும்பப் பிடித்துப் பயன்படுத்தும் ஆலைகளும் இருக்கின்றன, ஆனால் விஸ்கோஸ் என்ற ஒரு சொல்லை வைத்து எது எந்த ஆலை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

மோடல் அதே முறையின் மேம்பட்ட வடிவம், நனைந்தாலும் கூடுதல் வலு உண்டு. ஆஸ்திரியாவின் லென்ஸிங் நிறுவனம் பீச் மரத்திலிருந்து செய்கிறது. லயோசெல்லில் கார்பன் டைசல்பைடே கிடையாது. அமீன் ஆக்சைடு என்ற கரைப்பானில் கூழை நேராகக் கரைக்கிறார்கள், அந்தக் கரைப்பானில் ஏறக்குறைய முழுவதையும் மீட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கையில் காசிருந்தால் லயோசெல், இல்லையென்றால் மோடல். உள்ளாடைக்கு என் விதி இதுதான். விஸ்கோஸை நைட்டிக்கும் சட்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

டென்செல் என்று போட்டிருந்தால் அதோடு நிற்காதீர்கள். லென்ஸிங்கின் அந்தப் பெயரில் மோடலும் வருகிறது, லயோசெல்லும் வருகிறது. பக்கத்துச் சொல்லையும் படியுங்கள்.

இனி மூங்கில். ‘100% மூங்கில்’ என்று விற்கும் மெத்தென்ற பனியன் அநேகமாக எல்லாமே மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ்தான். கிருமியைக் கொல்லும் என்று சேர்த்துச் சொல்வார்கள். மூங்கிலின் இயல்பு எதுவும் அந்த ரசாயனக் குளியலைத் தாண்டி இழையில் மிஞ்சுவதற்கு ஆதாரமில்லை. அமெரிக்காவில் ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக வால்மார்ட்டும் கோல்ஸும் 2022-ல் சேர்த்து 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டன. மூங்கில் என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

லேபிள் இல்லாத துணி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். உள்தையலில் மடிந்திருக்கும் துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். தையல் நூலை எடுத்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் பாலியஸ்டர். கூடவே ரப்பர் போல இழுபடும் மெல்லிய இழை வந்தால் அது ஸ்பான்டெக்ஸ், அதைப் பிரித்துப் போடுங்கள். நூலின் நடுவில் ஒரு சொட்டு நீர் வைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். நனைந்த இடத்தில் பட்டென்று அறுந்தால் அநேகமாக விஸ்கோஸ். பருத்தி நனைந்தால் வலுக்கூடும், அந்த இடத்தில் அறாது. மீதி நூலை இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். மரக்கூழ் நூலும் பருத்தியும் காகிதம் எரியும் வாசனையோடு பொடியும் சாம்பலாகும். உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

அளவு எடுப்பதில் பெரிய வித்தை இல்லை. இந்தத் துணி போகப்போகக் கொஞ்சம் தொய்யும், அதனால் தளர்வாக வாங்காதீர்கள். 95 சதவீதம் மோடல் அல்லது லயோசெல், 5 சதவீதம் ஸ்பான்டெக்ஸ் என்ற கலவை நன்றாக நிற்கும். ரேயான் துணியை மீட்டர் கணக்கில் எடுத்துத் தைக்கக் கொடுப்பவர்கள் முதலில் ஊறவைத்து உலர்த்திவிட்டு டெய்லரிடம் கொடுங்கள். சுருங்க வேண்டியது வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும்.

துவைப்பதற்கு வருவோம். விஸ்கோஸ் நனைந்ததும் ஏறத்தாழ பாதி வலுவை இழக்கிறது. அந்த நேரத்தில் கல்லில் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, முறுக்கிப் பிழிந்தால் துணி தாங்காது. ‘ஆறு மாதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது’ என்று கம்பெனியைத் திட்டுகிறவர்கள் பலரும் துவைக்கும் விதத்தை மாற்றினால் போதும். லயோசெல் ஈரத்திலும் பெரும்பகுதி வலுவைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் தேய்த்தால் மேற்பரப்பில் மயிர் எழும்பி வெளுத்துப் போகும். ஆகவே மூன்றுக்கும் ஒரே வழக்கம் போதும். உள்பக்கம் வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, கையால் அமுக்கி அலசுங்கள். மெஷின் என்றால் வலைப்பையில் போட்டு மென்மையான சுற்றில் விடுங்கள். பிளீச் வேண்டாம், கம்ஃபர்ட் வகைத் திரவமும் வேண்டாம். மெத்தென்ற துணியை இன்னும் மெத்தென்று ஆக்கப்போய் அது உறிஞ்சும் தன்மையைக் குறைத்துக்கொள்கிறோம்.

பிழியும்போது முறுக்காதீர்கள். உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அமுக்கினால் நீர் இறங்கிவிடும். பனியனைத் தோளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும், நடுவில் மடித்துக் கொடியில் போடுங்கள்.

பெண்களின் உள்ளாடையை வேறு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. மரக்கூழ் துணி நீரை அதிகம் பிடித்து வைக்கும், காய நேரமாகும். மறைத்துப் போட்டால் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, அரிப்பில் கொண்டுபோய் விடும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம். தயவுசெய்து காற்றோட்டமான இடத்தில் திறந்து போடுங்கள். யார் பார்த்தால் என்ன?

பழசானதும் இடுப்பு எலாஸ்டிக்கை வெட்டி எடுத்துவிட்டுத் துடைக்கும் துணியாக்குங்கள். ஸ்பான்டெக்ஸ் கலந்ததை எருக்குழியில் போடாதீர்கள், மரக்கூழ் மக்கினாலும் அது மக்காது.