காணும் கல்வியும் காற்பங்கும்

நுழைவாயில்

அச்சுப்பொறி ஓலைச்சுவடியைப் புத்தகமாக்கிற்று. வானொலி மனிதக் குரலைக் கடல் கடக்கச் செய்தது. தொலைக்காட்சியோ காட்சியையே நம் வீட்டுக் கூடத்தில் கொணர்ந்து நிறுத்திற்று. இம்மூன்றும் கல்விக்குத் துணை என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயின் அத்துணை எத்துணை அளவினது? தொலைக்காட்சி ஆசிரியரின் இடத்தைப் பெற வல்லதா, அன்றி அவர்தம் பணியில் ஒரு கூற்றை மட்டும் ஏற்கத்தக்கதா? இவ்வினாவுக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் இலக்கண வகுப்பிலேயே அதற்கான அளவுகோல் இருக்கிறது.

நன்னூல் காட்டும் நாற்கூறு

13ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையை வகுத்துரைக்கிறார். ஒருமுறை கேட்ட பாடத்தை இரண்டாம் முறையும் கேட்பவன் நூலில் பிழைபடான்; மூன்றாம் முறையும் கேட்பவன் அதனை முறையறிந்து உரைக்கும் ஆற்றல் பெறுவான் என்பது அவர் கருத்து. அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்ளத்தில் கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் காற்கூறே என்கிறார். உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்கூறு வருகிறது. எஞ்சிய அரைக்கூறு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதுதான் நிறைவடைகிறது.

நேரில் அமர்ந்து பாடம் சொல்லும் ஆசிரியருக்கே காற்பங்குதான் என்றால், திரையில் தோன்றி மறையும் ஆசிரியருக்கு அதனினும் மிகுதியான பங்கை நாம் அளித்தல் இயலாது. இவ்வளவுகோலைக் கையில் கொண்டு, கடந்த காலத்தில் ஊடகக் கல்வி எங்கே வென்றது, எங்கே தளர்ந்தது என்பதைச் சற்றே நோக்குவோம்.

வானொலி வளர்த்த நெல்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் வகையை வெளியிட்டபோது, அதன் சிறப்பையும் சாகுபடி முறையையும் இந்நிலையம் உழவர்க்கு எடுத்துரைத்தது. தஞ்சை உழவர்கள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டிவிட்டனர். ஓர் ஊடகத்துக்கு இதனினும் உயர்ந்த பட்டம் வேறென்ன வேண்டும்?

இவ்வெற்றியை வானொலி தனித்து நின்று பெறவில்லை. தஞ்சை மாவட்டத்தில் அக்காலத்தே தீவிர வேளாண்மைத் திட்டம் நடைமுறையில் இருந்தது. குரலில் கேட்டதை வயலில் விளக்க வேளாண்மை ஊழியர் இருந்தனர். ஒருவர் வயலில் விளைந்ததைப் பக்கத்து வயலார் கண்ணாரக் கண்டார். கேள்வி காற்பங்காக, கூட்டுறவும் எடுத்துரைப்பும் முக்காற்பங்காக நின்று பயன் தந்தன.

1956இல் அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் இணைந்து, இன்றைய மகாராட்டிரத்தின் 5 மாவட்டங்களைச் சேர்ந்த 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்தன. மன்றத்தினர் கூடி நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டபின் தமக்குள் விவாதித்தனர். வானொலி மட்டும் இருந்த ஊர்களைவிட மன்றமும் இருந்த ஊர்களிலேயே உழவர் அறிவு பெரிதும் வளர்ந்தது என ஆய்வு காட்டிற்று. பெட்டி ஒன்றேயாயினும் பயன் வேறுபட்டதற்குக் காரணம், பெட்டியைச் சுற்றி அமர்ந்த மனிதரே.

விண்ணிலிருந்து வந்த பாடம்

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோள் வாயிலாக, 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலையில் ஊர்மக்களுக்கு. இத்திட்டத்தின் போது ஏறத்தாழ 50,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் அறிவியல் பயிற்சி பெற்றனர். அப்பயிற்சியில் தொலைக்காட்சியோடு வானொலியும், அச்சிட்ட பாடமும், செய்முறையும், நேரில் நின்று நடத்தும் வழிகாட்டியும் ஒருங்கே அமைந்திருந்தமை கருதத்தக்கது.

இத்திட்டத்தில் தமிழகம் இடம்பெறவில்லை. எனினும் அதே ஆகஸ்ட் 15ஆம் நாள் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பெற்றது. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி மாணவர்க்கெனத் தொலைக்காட்சி வகுப்பு நடத்தலாயிற்று. அதன் தொடக்க கால நிகழ்ச்சிகள் ஆங்கிலத்திலேயே அமைந்தமையால், தமிழ் வழியில் பயின்று வந்த சிற்றூர் மாணவர்க்கு முதற் காற்பங்கும் முழுமையாகக் கிட்டிற்றென்று சொல்வதற்கில்லை. தாய்மொழியில் வாராத பாடம் கண்ணுக்குக் காட்சியாகலாம். கருத்துக்குக் கல்வியாதல் அரிது.

பெட்டி நெருங்கியது, துணை விலகியது

முன்னர்ப் பஞ்சாயத்து வானொலியை ஊரே கேட்டது. பின்னர்த் தொலைக்காட்சி உள்ள வீட்டில் தெருவே கூடிற்று. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ்த் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வழங்கியது. ஏழையின் இல்லத்துக்கும் திரை வந்தது பெரும் சமத்துவமே. இன்று அத்திரை உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பேசியாகிவிட்டது. கருவி நம்மை நெருங்க நெருங்க, உடன் அமர்ந்து காண்போர் குறைந்து வந்தனர். நன்னூல் கூறும் இரண்டாம் காற்பங்கு இவ்வாறு நம்மை அறியாமலே கைநழுவிற்று.

வரதராஜன்பேட்டையை எண்ணிப் பார்ப்போம்

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவே பல்லாயிரம் சிற்றூர்களின் வகுப்பறையாயிற்று. தமிழில், நம் பாடநூலை ஒட்டி, கட்டணமின்றி வந்த அப்பாடங்களின் அருமையைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

எனினும் அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை அடுத்த வரதராஜன்பேட்டை போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்ப்போம். செம்மண்ணும் முந்திரித் தோப்பும் சூழ்ந்த வட்டாரம் அது. இத்தகு ஊர்களில் பெற்றோர் விடியலில் தோப்புக்கும் கூலி வேலைக்கும் சென்றுவிட்டால், வீட்டில் எஞ்சுவது ஒரு பெட்டியும் இரண்டு மூன்று பிள்ளைகளும். அண்ணன் பாடமும் தங்கை பாடமும் வெவ்வேறு நேரத்தில் வரும். சமையலும் தண்ணீரும் தம்பியைக் காத்தலும் மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழும். மின்சாரம் நின்றால் பாடமும் நின்றுவிடும். மும்முறை கேட்க வேண்டிய பாடத்தை ஒருமுறை கேட்பதே அரிது. யூடியூபில் மீண்டும் காண வழியுண்டு. ஆயின் தந்தையின் கைப்பேசி தந்தையோடு தோப்புக்குப் போயிருக்கும். இவையனைத்தையும் கடந்து பாடத்தைக் கண்ட பிள்ளைக்கு ஓர் ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது? பெட்டிக்கு வாயுண்டு, செவியில்லை.

திண்ணையில் கிடைத்த விடை

1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குத் தமிழகப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் நாள் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாள் முன்னர், அக்டோபர் 27ஆம் நாள் ‘இல்லம் தேடிக் கல்வி’ விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பெற்றது. ஊரிலேயே உள்ள படித்த இளைஞர்கள், அவருள்ளும் பெரும்பாலும் பெண்கள், மாலைதோறும் சிறு குழுவாகக் குழந்தைகளை அமர்த்திக் கற்பித்தனர்.

அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் தமிழகக் கிராமப்புறக் குழந்தைகள் ஏறத்தாழ 19,000 பேரை ஆராய்ந்தனர். கல்வித் தொலைக்காட்சி இருந்தும் 2021 டிசம்பரில் கற்றல் இழப்பு மிகுதியாகவே இருந்தது. கணக்கில் அது மொழிப்பாடத்தினும் கூடுதல். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அவ்விழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்தது என்பது அவர்தம் முடிவு. இழப்பை மீட்டவை பள்ளியும் திண்ணையும். அதாவது ஆசிரியரும், உடன் பயில்வாரும், எடுத்துரைப்போரும்.

நாம் செய்யத்தக்கன

திரையைத் தூற்றுவது நம் நோக்கமன்று. முதற் காற்பங்கை அது நன்றாகத் தரட்டும். நுண்ணுயிரின் அசைவையும், எரிமலையின் சீற்றத்தையும், தொலைநாட்டு மக்களின் வாழ்வையும் கரும்பலகையினும் திரையே தெளிவாகக் காட்டும். எஞ்சிய முக்காற்பங்குக்கு நாமே பொறுப்பாளர்.

ஆசிரியப் பெருமக்கள், காட்டிய காட்சியை இடையில் நிறுத்தி வினாத் தொடுத்தல் வேண்டும். வினாவின்றி ஓடும் படம் வகுப்பை உறங்கச் செய்யும்.

சமுதாயப் பெரியோர்கள், ஊரின் பொது மண்டபங்களில் மாலை ஒரு மணி நேரம் ஒரு திரைக்கும் ஒரு விளக்குக்கும் ஒரு பாய்க்கும் இடமளித்தால், வீட்டில் இடமற்ற பிள்ளைக்கும் படிப்புத் துணை கிட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் உங்கள் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, தெருப்பிள்ளைகள் நால்வரை அழைத்து அவர்கள் கண்ட பாடத்தை அவர்களுக்கே விளக்குங்கள். அவர்களுக்கு ஐயம் தீரும். உங்களுக்கோ, பவணந்தியார் கூறிய அரைக்கூறு வந்து சேரும். கொடுப்பவனே மிகுதியாகப் பெறும் செல்வம் கல்வி ஒன்றே.

நிறைவாக

கருவிகள் மாறும். வானொலி தொலைக்காட்சியாயிற்று, தொலைக்காட்சி கைப்பேசியாயிற்று, நாளை வேறொன்று வரும். எது வரினும் நாம் அதனிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றுதான்: இக்கருவி நம் பிள்ளையைத் தனியே அமர்த்துகிறதா, நால்வரோடு அமர்த்துகிறதா? கண்டதைப் பேசவும், பேசியதைப் பிறர்க்கு உரைக்கவும் வழி அமைப்போமாயின், திரை தரும் காற்பங்கு முழுப் புலமையாக மலரும்.