உருளைக்கிழங்கில் ஒரு ரொட்டி: நார்வே நாட்டு லெஃப்சே



ஆளுக்கு ஒரு நாட்டு உணவைப் பற்றி எழுதணும் என்று சொல்லி, சமூக அறிவியல் டீச்சர் சீட்டு குலுக்கிப் போட்டாங்க. எனக்கு வந்தது நார்வே. அந்த நாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நூலகத்தில் தேடிப் படித்ததையும், வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

நார்வேயும் கிழங்கும்

நார்வே ஐரோப்பாவின் வடக்கில் உள்ள குளிர் நாடு. மலையும் பாறையும்தான் அதிகம். மொத்த நிலத்தில் சுமார் 3 சதவீதம்தான் பயிர் செய்ய ஏற்றது. கோடைக்காலமும் குறைவு. அதனால் பழைய காலத்தில் பார்லியும் ஓட்ஸும்தான் முக்கியத் தானியங்கள்.

உருளைக்கிழங்கின் தாய்நாடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி. அது நார்வேக்குப் போனது 18-ஆம் நூற்றாண்டில். முதலில் மக்கள் தயங்கினார்களாம். பாதிரியார்கள் தங்கள் நிலத்திலேயே பயிரிட்டுக் காட்டி, விதைக்கச் சொன்னார்கள். அதனால் அவர்களுக்கு 'உருளைக்கிழங்குப் பாதிரியார்' என்றே பெயர் வந்துவிட்டது!

1807 முதல் 1814 வரை போர் நடந்தது. அப்போது நார்வேயும் டென்மார்க்கும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. ஆங்கிலேயக் கப்பற்படை கடலை மறித்ததால், டென்மார்க்கிலிருந்து வரவேண்டிய தானியம் வரவில்லை. பஞ்சம் வந்தது. மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தக் காலத்துக்குப் பிறகுதான் உருளைக்கிழங்கு ஊர் ஊராகப் பரவியது.

லெஃப்சே என்றால் என்ன?

லெஃப்சே என்பது மெல்லிய, மிருதுவான ரொட்டி. பார்க்க நம் சப்பாத்தி மாதிரி இருக்கும். கிழங்கு வருவதற்கு முன்பு மாவில் மட்டும் செய்தார்கள். கிழங்கைச் சேர்த்த பிறகு கொஞ்ச மாவிலேயே நிறைய ரொட்டி கிடைத்தது. 'தாக்கே' என்ற பெரிய வட்டக் கல்லில் சுட்டு, நீளமான தட்டைக் குச்சியால் திருப்புவார்கள். ரொட்டி சுடுவதையே வேலையாகக் கொண்ட பெண்கள் பண்ணை பண்ணையாகப் போய்ச் சுட்டுக் கொடுப்பார்களாம்.

1825-க்குப் பிறகு நார்வே மக்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். அவர்களோடு லெஃப்சேயும் போனது. அங்கே மின்னசோட்டா மாநிலத்தில் அவர்கள் வம்சத்தார் இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் இதைச் செய்கிறார்கள்.

தேவையான பொருட்கள்

உருளைக்கிழங்கு – அரை கிலோ (வெந்தால் மாவு மாதிரி உதிரும் ரகம் நல்லது)
மைதா – 125 கிராம்
வெண்ணெய் – 30 கிராம்
பால் – 2 மேசைக்கரண்டி
உப்பு – அரை டீஸ்பூன்

செய்முறை

1. கிழங்கை வேகவைத்து, தோல் உரித்து, சூட்டோடு கட்டியில்லாமல் மசிக்கவும்.
2. சூடாக இருக்கும்போதே வெண்ணெய், பால், உப்பு சேர்க்கவும்.
3. நன்றாக ஆறவிடவும். இதுதான் முக்கியம்!
4. சுடப்போகும்போது மட்டும் மைதாவைச் சேர்த்து லேசாகப் பிசையவும்.
5. எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, மாவு தூவி மெல்லியதாகத் தேய்க்கவும்.
6. நன்றாகக் காய்ந்த கல்லில் எண்ணெய் விடாமல் போட்டு, பழுப்புப் புள்ளி வந்ததும் திருப்பவும்.
7. சுட்டதைத் துணிக்குள் அடுக்கி மூடவும். ஆவியில் மிருதுவாகிவிடும்.

நான் செய்த தப்பு

முதல் தடவை 3-ஆவது படியை நான் விட்டுவிட்டேன். சுடச்சுட மசித்த கிழங்கிலேயே மைதாவைக் கொட்டிவிட்டேன். கையெல்லாம் ஒட்டியது. இன்னும் மாவு போட்டேன். அப்பவும் ஒட்டியது. இருந்த மாவு முழுசும் தீர்ந்துபோச்சு. சுட்டால் தோல் மாதிரி வந்தது. "அக்கா, இதைச் செருப்பு தைக்கக் குடுக்கலாம்" என்றான் தம்பி.

அம்மா ஒண்ணுமே சொல்லல. ஆனால் அந்தக் கிழங்கு இரண்டு நாள் குழம்புக்கு வைத்திருந்தது என்று எனக்குத் தெரியும். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மரப்பட்டை தின்றவர்கள் கதையைப் படித்துவிட்டு, நானே மாவை வீணாக்கிவிட்டேனே என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஏன் இப்படி ஆனது?

கிழங்கில் ஸ்டார்ச் இருக்கிறது. சூட்டில் அது தண்ணீரை இழுத்து உப்பி, பசை மாதிரி ஆகிவிடும். ஆறும்போது ஆவி வெளியேறி ஈரம் குறையும், ஸ்டார்ச்சும் இறுகும். அதனால் கொஞ்ச மாவே போதும். சூட்டில் போட்டால் எவ்வளவு மாவு போட்டாலும் பத்தாது. மைதா அதிகமாகி, ரொம்பப் பிசைந்தால் அதில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ரொட்டியை ரப்பர் மாதிரி ஆக்கிவிடும். மாவு கலந்து அப்படியே வைத்தாலும் ஈரம் விட்டுத் தளர்ந்துபோகும்.

நார்வேயில் மசித்த கிழங்கை ராத்திரி முழுக்கக் குளிரில் வைப்பார்கள். எங்க வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, உண்டியல் காசில் அரை கிலோ கிழங்கு வாங்கினேன். காலையில் வேகவைத்து மசித்து, அகலமான தட்டில் பரப்பி, மெல்லிய துணி மூடி மூன்று மணி நேரம் ஆறவிட்டேன்.

முதல் இரண்டு தேய்க்கும்போது கிழிந்தன. மூன்றாவது வந்துவிட்டது! வட்டமாக இல்லை, இலங்கை வரைபடம் மாதிரி இருந்தது. நார்வேக்காரர்கள் போலவே வெண்ணெய் தடவி, சர்க்கரையும் பட்டைப் பொடியும் தூவிச் சுருட்டினேன். அன்று அவர்கள் பசிக்கு மரப்பட்டை; இன்று ருசிக்கு லவங்கப்பட்டை!

அம்மா ஒன்று சாப்பிட்டுவிட்டு, "இன்னொண்ணு போடு" என்றாங்க. எனக்கு அது போதும்.

யோசித்துப் பாருங்கள்

1. மசித்த கிழங்கை மூடாத பாத்திரத்தில் ஆறவைப்பது ஏன் நல்லது?
2. அதே அளவு மாவில் கிழங்கு சேர்த்தால் ஏன் அதிக ரொட்டி கிடைக்கிறது?

விடை தெரிந்தவர்கள் இடைவேளையில் என்னிடம் சொல்லலாம். வீட்டில் செய்பவர்கள் அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுப்பில் கவனம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி